கூப்பிட்டதும் எழுந்தவன்

கர்ட்டன் கொக்கிகள் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு பழைய மவுஸ் கிடக்கிறது. இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் அது வேலை செய்யாது. அதன் வலது பக்கத்தில், விரலால் தடவினால் தட்டுப்படும்படி ஒரு கீறல் இருக்கிறது. என் மனைவியின் அண்ணன், என் மைத்துனர், வலது கையில் நவரத்தின மோதிரம் போட்டிருப்பார். ஒரே ஒரு மதியம் அந்த மவுஸ் அவர் கையில் இருந்தது. அதற்குள் விழுந்த கீறல் அது. எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அவருடைய காரியத்துக்காகப் போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பந்தியில் அவருடைய மூத்த மகன் என்னைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கப்பா மட்டும் நேர்ல போய்த் தடுக்கலேன்னா துபாய் மாமா சீட்டாட்டத்துலயே அழிஞ்சிருப்பாங்க" என்றான். நான் இருப்பது ஷார்ஜா. ஊரில் அதுவும் துபாய்தான். பந்தியில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் பேச எனக்கு நாக்கு எழாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் எழுத வரும். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். என் மைத்துனர் என்னை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை. காப்பாற்றும்படி நான் எதிலும் விழுந்திருக்கவும் இல்லை.

அவர் நல்லவர், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்கு முதல் விசா வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். சவுதியில், அல் கோபாரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக வாலிபம் முழுவதையும் கழித்தார். மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, ஒரே அறையில் மூன்று பேரோடு, இரும்புக் கட்டிலின் கீழ்த்தட்டில் படுத்து எழுந்தவர். தங்கைகளைக் கரையேற்றினார், ஊரில் வீடு கட்டினார், இரண்டு வருடத்துக்கு ஒரு லீவில் போய் அந்த வீட்டில் விருந்தாளிபோல் இருந்துவிட்டு வந்தார். வளைகுடா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் அப்படி இருக்கவில்லை என்பதுதான் அவருக்கு என்மேல் இருந்த உண்மையான வருத்தம் என்று இப்போது தோன்றுகிறது. சீட்டு அதற்குக் கிடைத்த ஒரு பிடி.

ஷார்ஜாவின் முவைலா பகுதியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எனக்குக் கர்ட்டன் கடை. லைசன்ஸ் அர்பாப் பெயரில், அதாவது எனக்கு ஸ்பான்சராக இருக்கும் உள்ளூர் அரபி பெயரில். வருடா வருடம் அவருக்குரியதைக் கொடுத்துவிட்டால் மற்ற லாப நட்டமெல்லாம் என் பாடு. மாடியில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில் மனைவியும் மகளும் நானும். நோன்பு மாதத்தில் எல்லா வீட்டிலும் பெருநாளுக்குப் புதுத் திரை வேண்டும், மிஷினை விட்டு எழ நேரம் இருக்காது. கோடையில் பாதி ஊர் விமானம் ஏறிவிடும், மிஷினில் தூசி படியும். சம்பளக்காரனுக்கு இந்த ஏற்ற இறக்கம் புரியாது. மைத்துனர் ஒவ்வொரு போனிலும், "மாப்ள, கோபார் வந்துருங்க. ரூம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. புள்ளைங்க ஊர்ல இருக்கட்டும்" என்பார். நான் "பாப்போம் மச்சான்" என்பேன். அதற்குமேல் எனக்குப் பேச வராது.

பேச வராததுதான் தொழிலிலும் என் தலைவலி. ஒரு விலையைச் சொல்வேன். வந்தவர் புருவத்தைச் சுருக்கினால் அவர் வாயைத் திறப்பதற்குள் நானே குறைத்துவிடுவேன். அந்த நாட்களில்தான், துணி மாதிரிகளின் படங்களைக் காட்டவும் மகளின் பள்ளிப் பாடத்துக்கும் சேர்த்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். பக்கத்துக் கட்டடத்திலிருந்து திரை தைக்கக் கொடுக்க வந்த பிலிப்பினோக்காரர் ஒருவர் அதில் போக்கர் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்து, சொல்லியும் கொடுத்தார். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கம்ப்யூட்டர் திரையில் மூன்று பொத்தான்கள். ஆங்கிலத்தை நான் படிக்கவில்லை, இடத்தைத்தான் படித்தேன். இடது பக்கம் என்றால் விட்டுவிடுவது, நடு என்றால் சமமாகப் போடுவது, வலது என்றால் ஏற்றுவது. அதில் இலவசமாகச் சேரும் பந்தயங்கள் இருந்தன. அவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த காசைத்தான் ஆடினேன், என் பையிலிருந்து ஒரு ஃபில்ஸ் காசுகூடப் போட்டதில்லை. ஒரு கை ஆட்டம் தோற்றால் ஒரு சுலைமானி டீயின் விலைகூடப் போகாது. எல்லாம் சேர்ந்து கணக்கில் இருந்தது அரபு வீட்டு மஜ்லிஸ் கூடத்தில் போடும் ஒரு தலையணைக்குத் துணி எடுக்கிற அளவுதான்.

மதியம் ஒரு மணிக்குக் கடைகளெல்லாம் அடைத்துவிடுவார்கள், நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். ஊரே தூங்கும் அந்த நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முடிவெடுக்கக் கொடுத்திருக்கும் நொடிகள் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் அவசரப்படுத்த முடியாது. நான் அதிகம் அழுத்தியது இடது பொத்தானைத்தான். விட்டுவிடுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, போட்ட பிறகு பயப்படக் கூடாது என்பதை அங்கேதான் கற்றேன். ஒருநாள் அளவெடுக்கப் போன பெரிய வில்லாவில் வீட்டுக்கார அம்மா விலை கேட்டுவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். நான் குறைக்கவில்லை. டேப்பை எடுத்து அடுத்த ஜன்னலை அளக்க ஆரம்பித்தேன். அவர் பின்னாலேயே வந்து, "யல்லா, சரி, எப்போது தருவாய்?" என்றார். சீட்டினால் கெட்டேன் என்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

என் மனைவிக்கு இந்த ஆட்டம் முதல்நாளே தெரியும். அவள் சீட்டைப் பார்த்து வளர்ந்தவள். என் மாமனார் காசு வைத்துச் சீட்டாடி இரண்டு வயல்களை விட்டவர். போன வயலைப் பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை. "அம்மா வாசல்ல நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். தம்பிக்குக் காய்ச்சல், வாங்கன்னு கூப்பிடும். 'இந்தா, இந்த ஒரு கை'ம்பாரு. எந்திரிக்கவே மாட்டாரு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அவளே ஒரு விதி போட்டாள். "கூப்பிட்டா எந்திரிக்கணும். கையில என்ன இருந்தாலும் சரி. ஒருநாள் எந்திரிக்கலேன்னாலும் அந்தப் பெட்டியத் தூக்கி ரோட்டுல வச்சிருவேன்." நான் சரி என்றேன். மகளின் பள்ளிப் பேருந்து இரண்டரை வாக்கில் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். அந்த ஹாரன்தான் எனக்குக் கூப்பாடு. நல்ல சீட்டோடு எழுந்து போன நாள்கள் உண்டு, எழாத நாள் ஒன்றுகூட இல்லை.

இதை அவளே போனில் சிரித்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அந்த வருடம் லீவில் ஊருக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். வந்தன்று மாலையே தங்கையின் பாஸ்போர்ட்டையும் மகளின் பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "டிக்கெட் போட்டுட்டேன் மாப்ள. ரெண்டு பேரும் என்கூட வர்றாங்க. ஸ்கூல்ல டி.சி. மட்டும் வாங்கிருங்க."

மனைவி சட்டென்று, "எதுக்குண்ணே?" என்றாள்.

"எதுக்கா? நம்ம அப்பா கதை மறந்து போச்சா? அதுவும் இந்த ஊர்ல. போலீஸ்ல மாட்டுனா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. நாடு கடத்திருவான். அப்புறம் கடை ஏது, குடும்பம் ஏது?"

சூதாட்டத்துக்கு எதிரான அந்தச் சட்டம் எனக்கும் தெரியும், பயமும் இருந்தது. அதை இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிய சத்தத்தில் எனக்கு வேறொன்று கேட்டது. இனி நானும் இரும்புக் கட்டிலின் கீழ்த்தட்டில் படுக்கப் போகிறேன், என் மகளுக்கு நானும் லீவில் வருகிற விருந்தாளியாகப் போகிறேன். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மதியம், "அப்படி என்னதான் இருக்கு அதுல, காட்டுங்க பாப்போம்" என்று கடைக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டினேன். முதல் பத்து நிமிடம் தலையில் அடித்துக்கொண்டார். "நல்ல சீட்டுதானே, ஏன் விட்டீங்க?" என்றார். அடுத்ததற்கு, "போடுங்க மாப்ள, அவன் சும்மா மிரட்டுறான்" என்றார். நான் இடது பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தது அவரால் தாங்க முடியவில்லை. பிறகு என் கையில் இரண்டு ராஜா வந்தது. நடுவில் விழுந்த மூன்று சீட்டில் இன்னொரு ராஜா. நான் வலது பொத்தானை அழுத்தினேன். ஸ்டூல் முன்னால் நகரும் சத்தம் கேட்டது. அப்போது தெருமுனையில் ஹாரன் அடித்தது.

நான் எழுந்தேன்.

"ஏய், எங்கய்யா போற?" மாப்பிள்ளை மரியாதையெல்லாம் போய்விட்டது. "மூணு ராஜாய்யா! உக்காரு!"

"புள்ள வந்துட்டா மச்சான். விட்டுருங்க, அதுவா போயிரும்."

"விடுறதா? நான் பாத்துக்கிறேன், நீ போ!" என்று என் நாற்காலிக்கு மாறினார். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். மகளின் பையை வாங்கித் தோளில் போட்டு, மாடிக்குப் போய், மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் டீச்சரைப் பற்றி ஆங்கிலமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கீழே இருந்த சீட்டு என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தும் மைத்துனரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த மூன்று ராஜாவில் ஜெயித்திருக்கிறார். அதுதான் வினை. அதற்குப் பிறகு ஒரு கையைக்கூட விடவில்லை. திரையிலேயே பெரிய தொகை ஆடும் மேஜைக்கு மாறி, நான் மாதக்கணக்கில் சேர்த்தது அத்தனையையும் ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் விட்டிருந்தார். திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வந்து நின்றது. "பணம் கட்டச் சொல்லுது மாப்ள. ஒரு கை போதும், எடுத்துருவேன்" என்றார். அவருடைய வங்கி அட்டை பர்ஸை விட்டு வெளியே வந்து, மேஜைமேல், மோதிரக் கைக்குப் பக்கத்தில் இருந்தது. குனிந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டார். போன் கார்டு எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரை அழுத்தி, வீட்டார் எல்லோரும் கேட்க என் மாமியாரிடம் பேசினார். "அம்மா, நீ கவலப்படாத. மாப்ள கதைய முடிச்சு வச்சிட்டேன். வேணும்னேதான் உக்காந்து எல்லாத்தையும் தோத்துத் தொலைச்சேன். இனி அவருக்கு ஆட காசே கிடையாது. பேத்தியோட வர்றேன், ரூம ஒழிச்சு வை."

என் மாமியாரிடம் நான் அதுவரை, "சாப்டீங்களா அத்தை"க்கு மேல் பேசியதில்லை. அன்று போனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று பேசினேன்.

"அத்தை, மச்சான் சொல்றது சரியில்ல. வேணும்னு தோக்கல. ஆடித்தான் தோத்தாங்க. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். புள்ள பஸ் வந்துச்சு."

மைத்துனர், "என்ன மாப்ள பேச்சு இது?" என்று எழுந்தார். கார்டில் காசு தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மாமியாரின் குரல் கேட்டது.

"கையில நல்ல சீட்டு இருந்துச்சா மாப்ள?"

"இருந்துச்சு அத்தை."

"கூப்பிட்டதும் எந்திரிச்சீங்களா?"

"எந்திரிச்சேன்."

பிறகு அவர் மகனை அழைத்தார். "டேய். நீ மட்டும் வா. தங்கச்சியும் பேத்தியும் அங்கேயே இருக்கட்டும்."

மைத்துனர் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். பாஸ்போர்ட்டுகளை என் கையில் தரவில்லை, தங்கை கையில் கொடுத்தார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. விமான நிலையத்தில் மட்டும், "மூணு ராஜா மாப்ள. எப்படித்தான் எந்திரிச்சீங்களோ" என்றார். அட்டையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் போய் அவர் தன் கதையையே சொன்னார். எனக்குத் தெரியும், விட்டுவிட்டேன். அவர் இருக்கும்வரை அந்தக் கதை அவருக்கு வேண்டியிருந்தது. இனி அது அவர் மகன் வாயில் என் பெயரோடு ஊர் சுற்றுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அதற்குப் பிறகும் ஆடினேன். மறுபடியும் இலவசப் பந்தயத்திலிருந்து ஆரம்பித்து, அதே மதிய நேரத்தில், அதே பாதி ஷட்டருக்குப் பின்னால். கடை இன்னும் என்னுடையதுதான். மகள் இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குப் போகிறாள். பள்ளிப் பேருந்து இல்லை. ஆபீஸ் சாப்பாட்டு வேளையில் அவளிடமிருந்து போன் வரும். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் மனைவி, "அந்தச் செத்த எலியத் தூக்கிப் போடுங்க" என்கிறாள். போடவில்லை. நேற்று கொக்கி எடுக்கும்போது அதன் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு ஆட்டத்தில் உட்கார்ந்தேன். சுமாரான சீட்டு இல்லை, நல்ல சீட்டு. போன் அடித்தது.

"அப்பா, பிஸியா?"

இடது பொத்தானை அழுத்திவிட்டு, "இல்லம்மா, சொல்லு" என்றேன்.