பிரேக் மாஸ்டர் ஆலோசனைக்குப் போனார்

என் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எங்கள் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். திட்டு என்றால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "எடுத்துச் சொல்றேன்" என்பார். அவருடைய பயிற்சிக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையிலும் காலுக்கடியில் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தால் கற்றுக்கொள்கிறவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அண்ணன் வாயே திறக்காமல் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பார். கார் நின்றதும், "இப்ப மூச்சு விடுங்க" என்பார். பிரேக் மாஸ்டர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. நானும் அவரிடம் கற்றவள்தான், இன்றுவரை என் காரில் ஒரு கீறல் கிடையாது.

வீட்டில்தான் அவரோடு மல்லுக்கட்ட முடியாது. யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், முடிவு தனக்கு முன்பே தெரிந்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. அண்ணி "குழாய்" என்பதற்குள், "ஆளுக்குச் சொல்லியாச்சு" என்பார். மகள் "நாளைக்கு ஸ்கூல்ல" என்று ஆரம்பித்தால், "தெரியும், வர முடியாது" என்பார். எரிச்சல் என்னவென்றால் முக்கால்வாசி நேரம் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். சரியாக இருக்கிற ஆளோடு குடித்தனம் நடத்துவது போன்ற தண்டனை வேறில்லை. அவர் மகள், பத்தாவது படிக்கிறவள், ஒரு கட்டத்தில் எல்லாவற்றுக்கும் "ம்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளை அடக்கமாக வளர்கிறாள் என்று அண்ணன் பூரித்துப்போனார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். கண்ணைச் சோதிப்பதிலிருந்து, காதுக்குப் பின்னால் அழுத்துகிற சட்டத்தைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது வரைக்கும் அந்தக் கடை அவர் தலையில்தான் ஓடுகிறது. முதலாளி பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இன்னொரு கடை திறப்பதாக இருந்தார். அதற்கு மேனேஜராக அண்ணியைப் போகச் சொன்னார். அன்று சாயங்காலம் அண்ணி முகம் மலர வீட்டுக்கு வந்து, "என்னங்க, புதுக் கடைக்கு என்னை மேனேஜராப் போகச் சொல்றாங்க, போகலாம்னு" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதெல்லாம் சரிப்பட்டு வராது, பெண்ணின் படிப்பு என்ன ஆவது, வேண்டாம் என்று சொல்லிவிடு என்று அண்ணன் முடித்துவைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அண்ணி சண்டை போடவில்லை. சில நாள் கழித்து, காய் நறுக்கிக்கொண்டே, நிதானமாகச் சொன்னார்.

"முதலாளிக்கு மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பப் போறேன். நாங்க போக வேண்டாம்னு நினைச்சீங்கன்னா அதுக்குள்ள என்கூட கவுன்சலிங் வாங்க. வேற பேச்சு இல்ல."

வெட்டு ஒன்று துண்டு இரண்டாக அண்ணி பேசி அண்ணன் அதுவரை கேட்டதில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாளே என்னிடம் வந்து, நமக்கென்ன பைத்தியமா, குடும்ப விஷயத்தை எவரோ முன்னால் போய்க் கொட்டுவதா என்று குமுறினார். கண் மங்கினால் அண்ணியிடம் வருகிறார்கள், கார் ஓட்டத் தெரியாவிட்டால் உன்னிடம் வருகிறார்கள், பேசத் தெரியாவிட்டால் அங்கே போகவேண்டியதுதானே என்றேன். அவருக்கு என்மேல் கோபம் வந்தது. ஆனால் அண்ணி போய்விடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரியது. போவதென்று முடிவு செய்தார்.

இந்த இடத்தில்தான், உலகத்தில் வேறு யாரும் செய்யாத ஒரு காரியத்தை என் அண்ணன் செய்தார். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு ஆள்களைத் தயார்செய்வதுபோல் குடும்பத்தைத் தயார்செய்தார். சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, அவரே ஆலோசகராகக் கேள்வி கேட்டார். உங்கள் வீட்டில் என்ன பிரச்சினை? பெரிதாக ஒன்றுமில்லை, வேலைப்பளு. அப்பா எப்படி? பாசமானவர், கொஞ்சம் கண்டிப்பு. தடுமாறியவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து. அண்ணி எப்படி இதற்குச் சம்மதித்தார் என்று பிறகு கேட்டேன். "அவர் எவ்வளவு தூரம் போறார்னு பார்க்கலாம்னுதான்" என்றார். என்னையும் கையோடு அழைத்துப் போனார் அண்ணன். எதற்கு என்றால், தன் பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டுமாம்.

ஆலோசகரின் அறை, மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள், சன்னல் மேடையில் தண்ணீர்க் குடுவை, நடுவில் முகம் துடைக்கும் காகிதப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அண்ணன் அதை மெதுவாக எடுத்துச் சன்னல் மேடையில் தள்ளிவைத்தார், நமக்கு இது தேவைப்படாது என்பதுபோல. ஆலோசகர் என்னைவிட வயதில் சிறிய பெண். தொண்டை கட்டியதுபோன்ற குரல். எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, சம்பிரதாயமாக எதுவும் கேட்காமல், நேராக மகளைப் பார்த்து, வீட்டில் எந்த நேரம் உனக்குப் பிடிக்கும் என்று கேட்டார்.

பிள்ளை திருதிருவென்று விழித்தாள். அப்பாவைப் பார்த்தாள். "இது நாம படிச்சதுல இல்லையேப்பா" என்றாள்.

அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டது. எனக்கும்தான். சிரித்துக்கொண்டே இருந்த அண்ணி எந்த நொடியில் அழ ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் எழுந்து போய் அந்தக் காகிதப் பெட்டியை எடுத்து வந்தேன்.

யார் படிக்க வைத்தது என்று ஆலோசகர் கேட்டார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, நான்தான் என்றார். டெஸ்ட் என்றால் தயாராகாமல் வர முடியுமா என்று அவரையே திருப்பிக் கேட்டார். "இங்க பாஸ், பெயில் எதுவும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, ஆலோசகர் அண்ணியைப் பேசச் சொன்னார்.

அண்ணி வாயெடுத்தார். அண்ணனின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. கூடவே அவர் வாய் திறந்துகொண்டது. அண்ணி நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் கால், மறுபடியும் வாய். அவருக்கே அது தெரியவில்லை. சில தடவை பார்த்துவிட்டு ஆலோசகர், செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் சம்மணம் போட்டு உட்கார முடியுமா என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். இத்தனை பேரைப் பயமில்லாமல் ரோட்டில் இறக்கிவிட்ட மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளைபோல் காலை மடித்து நாற்காலிமேல் உட்கார்ந்தார். மிதிக்க ஒன்றும் இல்லாததாலோ என்னவோ, வாயும் மூடியே இருந்தது.

அண்ணி பேசினார்.

"அன்னிக்கு நான் சொல்ல வந்தது, நாம மூணு பேரும் போகலாம்னு. அங்கயும் கார் ஓட்டக் கத்துக்கறவங்க இருப்பாங்க, அங்கயும் நீங்கதான் மாஸ்டர்னு. நாள் பூரா கடையில அதையே மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தேன். நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. நான் போறேங்கற பாதிதான் இப்ப என்கிட்ட மிச்சம் இருக்கு. நீங்களும் வாங்கங்கற பாதி இருக்கான்னு எனக்கே தெரியல."

அண்ணன் என்னத்தையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்ப் பாவமாகிவிட்டது.

திரும்பும்போது கார் ஓட்டியவள் நான். இனி அந்தப் படியேறப் போவதில்லை என்று அண்ணன் முணுமுணுத்தார். பின்னால் இருந்து மகள், "அம்மாவுக்கு இவ்ளோ பேச வரும்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு, யாரும் கேட்காமல் அவளாகவே அப்பாவிடம் சொன்ன முழு வாக்கியம் அது. அண்ணன் திரும்பிப் பார்த்தார், குறுக்கே எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர் தனியாகப் போனார். யாரும் சொல்லவில்லை, அவராகவே நேரம் கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன பேசினார் என்று கேட்டேன், சொல்லவில்லை. மறுபடியும் போனார். அதற்கடுத்து அண்ணியையும் அழைத்துக்கொண்டு போனார். அன்று நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், ஒரு சொல்கூட மாறாமல்.

அண்ணன் அன்று யாரும் சொல்லாமலே காலை மடித்து உட்கார்ந்தாராம். பிறகு அண்ணியிடம் சொன்னாராம்.

"என் பக்கத்துல உட்கார்ற எல்லாரும் வண்டியப் புதுசாத் தொடறவங்க. தினமும் காலையில கார்ல ஏறும்போதே இன்னிக்கு எதுல இடிக்கப்போறோமோன்னு எனக்குப் பயம். இத்தனை வருஷமா. மாஸ்டரே பயந்தா யார் வருவாங்க? அதான் வெளியில காட்டிக்கல. வீட்டுக்கு வந்தாலும் அது இறங்கல. நீ பேச ஆரம்பிச்சா என்ன வரப்போகுதோன்னு இருக்கும். வர்றதுக்குள்ள நிறுத்திடணும்னு தோணும்."

கூடப்பிறந்த எனக்குக்கூடத் தெரியாது. பயம் என்பதே இல்லாத ஆள் என்றுதான் ஊர் முழுக்க அவரைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறேன்.

அண்ணிக்கு முதலில் கோபம்தான் வந்ததாம். இதைக் கேட்க இத்தனை வருஷம் ஆயிற்றே என்று. "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. அதைக் கேட்டு நான் ஒண்ணும் ஓடிட மாட்டேன்" என்றாராம். பிறகு புதுக் கடையைப் பற்றி முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். ஷோகேஸ் எந்தப் பக்கம் வரவேண்டும், கண் சோதிக்கும் அறைக்கு எந்த நிறம் அடிக்கவேண்டும் என்பதுவரை. அண்ணன் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும், "நீ போய் ஆரம்பி" என்றார். தானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்க வாயெடுத்ததாகவும், அதை அண்ணிதான் சொல்லவேண்டும் என்று நிறுத்திக்கொண்டதாகவும் என்னிடம் சொன்னார். தன்னையே நிறுத்திக்கொண்டது அப்போதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மாதக் கடைசிக்கு முன்னால் அண்ணி முதலாளியிடம் சரி என்று சொல்லிவிட்டார். மகளை அழைத்துப் போவதாக இருந்த ஏற்பாடு மட்டும் மாறியது. மாற்றியது மகள்தான். பொதுத்தேர்வு முடிகிறவரை அப்பாவோடு இருக்கிறேன் என்றாள். ஏன் என்று அண்ணி கேட்டதற்கு, "அப்பா இப்பத்தான் கேட்க ஆரம்பிச்சிருக்கார், நடுவுல விட்டா மறந்துடுவார்" என்றாளாம். வாயாடி. என் பக்கத்து ரத்தம்தான், சந்தேகமே இல்லை.

அண்ணி கிளம்பிய காலையில் நாங்கள் எல்லோரும் பஸ் நிலையத்துக்குப் போனோம். பெட்டியை மேலே வைத்துவிட்டு அண்ணன் கீழே இறங்கி நின்றார். அண்ணி படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார். அண்ணன் ஏதோ யோசனை சொல்லப்போகிறார், தண்ணீர் பாட்டில், சில்லறை, சன்னலோரம் என்று ஏதாவது, என்றுதான் நான் நினைத்தேன்.

"பயமா இருக்கு" என்றார் அண்ணன்.

"எனக்கும்தான்" என்றார் அண்ணி. "பரீட்சை முடிஞ்ச மறுநாளே ரெண்டு பேரும் கிளம்பி வாங்க. நான் அங்க வீடு பார்த்து வைக்கிறேன்."

அண்ணன் தலையாட்டவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அண்ணி இன்னும் ஏதாவது சொல்லப்போகிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவுதாங்க. சொல்லி முடிச்சிட்டேன்" என்றார் அண்ணி.