பகலில் தூங்கும் வீட்டில் ஒரு மணிபிளான்ட்

அக்கா வீட்டு ஹாலில் நான் பாய் போடும் இடத்துக்கு நேர் மேலே ஒரு மணிபிளான்ட் கொடி ஓடும். ஜன்னலோரம் ஒரு உடைந்த பிளாஸ்டிக் வாளியில் கிளம்பி, கதவுச் சட்டத்தின் மேலேறி, சாமி படங்களைத் தாண்டி, கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் ஜன்னலுக்கே வந்து சேர்ந்திருந்தது. எங்கே சுற்றிவிட்டு வந்தாலும் மல்லாந்து படுத்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். போகும்போது கடிகாரத்துக்கு இந்தப் பக்கம் இருந்த நுனி, வரும்போது அந்தப் பக்கம் போயிருக்கும். எவ்வளவு காலம் வெளியே இருந்திருக்கிறேன் என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

என் படிப்பு ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் ஓட்டலில் பாத்திரம் கழுவுவது என்று எதிலும் நிலைக்கவில்லை. காய்ச்சல் வந்தாலோ, வேலை போனாலோ நெய்வேலிக்கு பஸ் ஏறிவிடுவேன். அக்கா ஒன்றும் கேட்க மாட்டாள். தட்டை வைப்பாள். மாமா சுரங்கத்தில் பர்மனென்ட். அதனால் குவார்ட்டர்ஸ் இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்ததால் எனக்கும் ஒரு கூரை இருந்தது.

அந்த வீட்டில் மாமாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்கள் தனி. காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஹாலில் படுப்பார். உள்ளறை வெயிலில் அடுப்பாகக் காயும். ஜன்னலில் ஒரு கறுப்புப் போர்வையை மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மிக்ஸி கிடையாது, குக்கர் விசில் கிடையாது, வாசலில் யாரும் கூப்பிடக் கூடாது. தாளிப்பதைக்கூட அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வாள். ஒரு கரண்டி கீழே விழுந்தால் நானும் அவளும் அப்படியே நின்று ஹாலைப் பார்ப்போம். எங்கள் ஊர் முத்தாண்டிக்குப்பத்தில் இருந்தவரை தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்தவள் அவள். கல்யாணமாகி வந்த பிறகு கண்ணாலும் கையாலும் பேசக் கற்றுக்கொண்டாள்.

சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்றுதான் இருந்தது. இலை துடைப்பது. காற்றடித்தால் எங்கள் பிளாக்கில் எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் தூசி படியும். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, இலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, மேலே ஒரு இழுப்பு. தூங்குகிற மனிதனைச் சுற்றி ஸ்டூலைத் தூக்கித் தூக்கி வைத்து, சுவர் முழுக்க ஒவ்வொரு இலையாகத் துடைத்து முடிப்பாள். முடிக்கவும் மாமா எழுந்திரிக்கவும் சரியாக இருக்கும்.

செடி சின்னதாக இருந்த காலத்தில் அதற்கும் ஷிப்ட் உண்டு. மாமா பகலில் வெளியே இருக்கும் வாரங்களில் வாளி ஜன்னலடியில் இருக்கும். நைட் ஷிப்ட் வந்தால் வாசல் படிக்கட்டுக்குப் போய்விடும்.

"எனக்கு ஒரு ஷிப்டு, ஒன் செடிக்கு ஒரு ஷிப்டா? ஓவர்டைம் கேக்கப் போவுது பாரு" என்பார் மாமா.

"அது ஒங்கள மாதிரி கொறட்ட வுடுறதில்லீங்க."

கொடி சுவரேறிய பிறகு வாளியை நகர்த்த முடியவில்லை. அக்கா போர்வையின் கீழ்மூலையை மடித்து, துணிக்கு மாட்டும் கிளிப்பைப் போட்டுவிட்டாள். ஒரு முழம் வெளிச்சம் வாளிமேல் விழும். மாமா அதைப் பார்த்தார். அன்றிலிருந்து தலைமாட்டை மாற்றிப் போட்டு, கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார்.

அவர் ரிட்டயர் ஆகும் சமயத்தில் நான் திருப்பூரில் இருந்தேன். அக்கா போன் செய்தாள். "வூட்டக் காலி பண்ணணும்டா. மந்தாரக்குப்பத்துல வாடகைக்குப் பாத்துட்டோம். நீ வா, கொடிய எறக்கணும்." கட்டிலுக்கோ பீரோவுக்கோ அவள் என்னைக் கூப்பிடவில்லை.

நான் வந்து இறங்கியபோது இருவருக்கும் அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கணுவ வெட்டி பாட்டில்ல போட்டா அது பாட்டுக்கு வரும். மணிபிளான்டுக்குப் போயி யாராவது இவ்ளோ மெனக்கெடுவாங்களா?"

"வெட்டறதுன்னா நான் இங்கியே இருந்துக்கறேன். சாவியக் குடுக்கும்போது என்னயும் சேத்து ஒப்படைச்சுடுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலில் ஏறிவிட்டேன்.

கொடி பல இடங்களில் சுண்ணாம்போடு வேர்பிடித்து ஒட்டியிருந்தது. இழுத்தால் வேர் அறுந்தது. அக்கா தண்ணீர் தெளித்து ஊறவைத்துக் கொடுக்க, நான் நகத்தால் சுரண்டிச் சுரண்டி விடுவித்தேன். கொஞ்சம் இறங்கியதும் லாரிப் பழக்கத்தில் முழங்கையில் போட்டுச் சுற்ற ஆரம்பித்தேன்.

"டேய், அது தார்ப்பாய் கயிறு இல்லடா!"

கடைசியில் நாடாக் கட்டிலில் கொசுவலையை விரித்து, அதன்மேல் கொடியை வளைவு வளைவாகப் படுக்கவைத்தோம். கட்டிலோடு தூக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். வெயிலும் காற்றும் படாமலிருக்க அந்தக் கறுப்புப் போர்வையையே மேலே போர்த்தினோம். பக்கத்து வீட்டம்மா கேட்டில் நின்று, "இன்னாக்கா, பேஷண்டுக்கு குளுகோஸ் ஏத்தலியா?" என்றார். அக்கா சிரித்துவிட்டுத் திரும்பி, ஹாலைப் பார்த்தாள். கொடி இருந்த இடமெல்லாம் சுவரில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. அதன்பின் அழுதாள்.

மந்தாரக்குப்பம் வீட்டில் முன்கூடத்துக்கு ஜன்னலே இல்லை. பின்னறையில் ஒன்று இருந்தது. கொடியை அங்கேதான் ஏற்றினோம். மாமா படுப்பதும் அங்கேதான்.

வேலை முடிந்ததே தவிர ஷிப்ட் முடியவில்லை. ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்காது. விடிந்ததும் கண் சொருகும். பழையபடி போர்வையை மாட்டிவிட்டுப் படுத்துவிடுவார். இங்கே மூலையை மடித்தாலும் எதிர்வீட்டுச் சுவர்தான். வேர் அறுந்த கொடிக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அக்கா பொறுக்கிக் குப்பையில் போட்டாள். துடைக்கும் துணி ஆணியில் காய்ந்துகொண்டிருந்தது.

"மாமா கிட்ட சொல்லேன்க்கா. பகல்ல ஜன்னல் தொறந்து இருக்கட்டும்னு."

"ஆயுசுல பாதி ராத்திரிய முழிச்சே கழிச்ச மனுசன்டா. தூங்கட்டும். போனா போவுது."

அவள் கணு வெட்டவும் இல்லை. முழுசாக இருந்தால் இருக்கட்டும், செத்தால் முழுசாகச் சாகட்டும் என்று விட்டுவிட்டாள் போலிருந்தது. நான் அங்கே ஒரு கடையில் மூட்டை இறக்கும் வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டேன். அவளை அப்படி விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை.

ஒருநாள் காலை மூட்டை இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போனேன். மாமா பெஞ்சில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்தது.

"இன்னா மாமா, இங்க ஒக்காந்துகினு தூங்கி விழுறீங்க? வூட்ல போயி படுக்க வேண்டிதான?"

"படுத்தா போர்வைய மாட்டணும் மச்சான்."

"மாட்டாம படுங்க."

"வெளிச்சத்துல எனக்கு வராது. இருட்டுல அதுக்கு ஆவாது." டீயை ஒரு வாய் குடித்தார். "நான்னா இப்படி பெஞ்சுல வந்து ஒக்காந்துக்குவேன். அதுக்குக் காலு இல்லியே."

நான் இன்னொரு டீ சொன்னேன்.

"ஒங்கக்கா கிட்ட சொல்லாத. டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

நான் சொல்லவில்லை. ஆனால் நடக்கப் போகிறவர் சட்டைப்பையில் பேப்பர் படிக்கிற கண்ணாடி எதற்கு என்று யோசிக்காத பெண் இல்லை அக்கா. கொஞ்ச நாளில் அவளே ஒரு பிளாஸ்கில் மோர் ஊற்றி, "நடக்கறப்ப தாகமெடுக்கும்" என்று கையில் கொடுத்தனுப்பினாள்.

பெஞ்சிலேயே பகலை ஓட்டி ஓட்டி மாமாவுக்கு ராத்திரித் தூக்கம் மெல்லத் திரும்பியது. கொடி பெரும்பாலும் மொட்டையாகத்தான் கிடந்தது. வாளியருகே நாலு இலை, நுனியில் ரெண்டு. நடுவில் வெறும் தண்டு. பிறகொரு நாள் அந்த வெறும் தண்டில், ஜன்னலுக்குப் பக்கத்துக் கணு ஒன்றில், சுருட்டிய பீடியைப் போல ஒரு துளிர் நீட்டிக்கொண்டு நின்றது.

அந்த வாரம்தான் என்று நினைக்கிறேன். மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தெருமுனையிலேயே மிக்ஸி சத்தம் கேட்டது. வேறு யார் வீடோ என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால் அக்கா வெயில் வேளையில், கதவெல்லாம் திறந்துபோட்டு, தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். பின்னறையிலிருந்து மாமா கத்தினார், "காது போவுதுடி!"

"எனக்குக் கேக்கலீங்க!" என்று இவளும் கத்தினாள். அவ்வளவு பெரிய குரலில் அவள் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. கறுப்புப் போர்வை நாலாக மடிந்து வாளிக்கு அடியில் ஈரம் உறிஞ்சக் கிடந்தது.

அதற்குப் பிறகு நான் அங்கே இருக்கக் காரணமில்லை. கிளம்பிவிட்டேன். இப்போதும் எங்கேயாவது புது ஊரில், தெரியாத கூரையைப் பார்த்துப் படுக்கும்போது அந்தப் பழைய ஹாலும் சுவரெல்லாம் ஓடிய கொடியும்தான் நினைவில் வரும். அக்கா போனில் பேசினால் முதலில் சொல்வது நுனி எங்கே வந்திருக்கிறது என்பதைத்தான். போன தடவை சுவிட்ச் போர்டைத் தாண்டியிருந்தது. இப்போது நிலைப்படியைத் தொட்டுவிட்டதாம்.

அப்படியென்றால் நான் வந்து ரொம்ப நாளாகிவிட்டது.