பனைமட்டைக் கோடு

ஈர மணலில் பனைமட்டை இழுபடும் ‘சர்ர்’ என்ற சத்தம் இன்றும் என் வலது தோளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாலாற்றின் தென்கரையில் இருந்த என் அம்மா பிறந்த ஊர், சின்ன ஊர்தான் என்றாலும், ஆற்றுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகளுக்கும் அக்கரையில் நிற்கும் பழைய கல்மண்டபத்துக்கும் பேர்போனது. எழுபதுகளில் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சதுரங்கப்பட்டினத்திலிருந்து நானும் அம்மாவும் அங்கே போவோம். அன்று ஊர்ச்சாமி ஆற்றைக் கடந்துதான் கடலுக்குத் தீர்த்தவாரி போகும். மழைக்கால வெள்ளம் மணல்வழியை அழித்துவிடுவதால், அந்த ஊரில் பிறந்த பெண்ணின் மகன் ஒருவன் பனைமட்டையை இழுத்துக்கொண்டு அக்கரைக்கு நடப்பான். அவன் போட்ட கோடுதான் அந்த ஆண்டுக்கு வழி. அதைக் ‘கோடு இழுக்கறது’ என்பார்கள். அவனுக்கு முன்னால் யாரும் மணலில் கால் வைக்கக் கூடாது. அக்கரை சேரும்வரை அவன் வாய் திறக்கக் கூடாது, திரும்பி வரவும் கூடாது.

நான் கோடு இழுத்த ஆண்டுக்கு முந்திய ஆண்டு இழுத்தவன் என் பெரியம்மா மகன் கோதண்டம். நடு ஆற்றில், பின்னால் வந்த நாயைச் “ச்சீ, போ!” என்று விரட்டிவிட்டான். கோடு கெட்டது. சாமி மாட்டுவண்டியில் ஊரெல்லாம் சுற்றிக் கடல் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. அதனால் இந்த முறை மாமா என்னைக் கைகாட்டினார். வாத்தியார் பேர் கேட்டாலே தலைகுனிகிற பையன் நான்.

“இவன் வாயில ஈ பூந்தாக்கூடப் பேச மாட்டான். இவன்தான் சரி.”

“ஊமைக்கு வந்த வாழ்வப் பாரு!” என்றான் கோதண்டம்.

அம்மா என் காதோரம், “இந்த வாட்டியும் கெட்டுச்சுன்னா அக்கா வூடு, நம்ம வூடு ரெண்டையும் ஊரே பேசும்டா. பாத்துப் போ” என்றாள்.

மண்டபத்துப் படியை நோக்கி நேராக நடப்பதே வழக்கம். பாதி ஆறு வரை நானும் அப்படித்தான் நடந்தேன். அங்கே காலடி மணல் தயிர்போல ஆடியது. எங்கள் கடற்கரையில் முகத்துவாரத்து மணல் அப்படி ஆடினால், புதைமணல் என்று நண்டு பிடிக்கப் போன பிள்ளைகள் எல்லாரும் ஓடிவந்துவிடுவோம். இங்கே திரும்பி ஓட வழியில்லை. கிழக்கே வளைந்தேன்.

கரையில் கூச்சல் எழுந்தது. “டேய், இன்னாடா கோணிக்கினு போற? மண்டபம் அங்க கீது!”

“மாமா, உங்க ஆளு கடலுக்கே போய்க்கினு கீறான்!” இது கோதண்டம்.

பதில் சொல்லக் கூடாது. அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை. மட்டையை இறுக்கிப் பிடித்து, கால் உறுதியாக ஊன்றும் இடமாகத் தேடித் தேடி நடந்து, படியே இல்லாத இடத்தில், தாழம்புதருக்குள் கரையேறினேன்.

ஏறியதும் வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தினேன். “நேரா வராதீங்க! கோட்டு மேலயே வாங்க!”

“ஊமை பேசுது!” என்று சிரித்தபடி மண்டபத்தைப் பார்த்து நேராக ஓடிய கோதண்டம், நடு ஆற்றில் தொடைவரை புதைந்தான். “டேய் தம்பி, மட்டையக் குடுறா!” என்று அலறினான். நான் கோட்டின் மேலேயே ஓடி மட்டையை நீட்ட, மாமாவும் வந்து பிடித்துக்கொள்ள, இழுத்துப் போட்டோம். அவன் வந்துவிட்டான், அவன் டவுசரை மணல் வைத்துக்கொண்டது.

பிறகு மேளம் முழங்கச் சாமி என் கோட்டிலேயே, நான் வளைந்த இடத்தில் தானும் வளைந்து வந்தது. தாழம்புதரை வெட்டி வழி செய்தார்கள். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொள்ள, அம்மா எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் “என் புள்ளதான்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். தடுப்பணை கட்டியபின் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. மணல்வழி இல்லை, மட்டை இழுப்பதும் இல்லை, சாமி பாலத்து வழியாக லாரியில் போகிறது. ஆனால் அக்கரையில், தாழம்புதரை வெட்டிய அதே வழியில் வளைவாகச் சிமெண்டு ரோடு போட்டிருக்கிறார்கள். பழைய பாதைகளைப் பார்க்கத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்த பட்டணத்துக் கூட்டத்துக்கு வழிகாட்டி, நரைத்துப்போன கோதண்டம்.

என்னைக் காட்டி, “இந்த வளைவு என் தம்பி போட்டது. நேராப் போனவன் நானு. என் டவுசரு இன்னும் ஆத்துக்குள்ளதான் கீது” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் என்னை ஏதாவது பேசச் சொன்னார்.

“அவன் அப்பறம் பேசுவாம்மா. மொதல்ல நடப்பான்” என்றான் கோதண்டம்.

நடந்தேன். எல்லாரும் பின்னால் வந்தார்கள்.