இரண்டு மூட்டை ஆட்டு முடி

பழங்காநத்தத்தில் எங்களுக்குக் கீழ் போர்ஷனில் இருக்கும் ஜெயினம்பு அக்கா மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அந்த மூன்று நாட்களைத் தவிர. அந்த நாற்றத்தை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

அக்கா எட்டாவதோடு நின்றவர். கொக்கி ஊசியால் தொழுகைத் தொப்பி பின்னுவார். ஒரு கண்ணி தப்பினாலும் முழுவதையும் உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். கப்பலூரில் ஒரு பயிற்சி மையத்தில் ‘ஃபெல்ட்’ சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். தறியும் இல்லை, ஊசியும் இல்லை. ஆட்டு ரோமத்தில் சோப்பு வெந்நீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்தே துணியாக்குகிற வேலை. கடைசியில் ஒரு முழத் துணி செய்து காட்டுகிறவர்களில் ஒருவருக்கு அங்கேயே டீச்சர் வேலை. நாற்பத்தாறு வயதில் தன்னையும் நாலு பேர் டீச்சர் என்று கூப்பிடுவார்கள் என்று அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. என்னிடமே வெட்கப்பட்டுத்தான் சொன்னார்.

வகுப்பில் கொடுத்தது வெளியூர் ரோமம், பஞ்சு மாதிரி. தேய்த்ததும் கெட்டிப்பட்டது. பரீட்சைக்கு மட்டும் நம் ஊர் ஆட்டு ரோமம் கொண்டுவர வேண்டும் என்றாள் பயிற்சி கொடுத்த தமிழ்வாணி. அந்த மகராசி செம்மறியைக் கறிக்கடையில் தவிர வேறெங்கும் பார்த்திருக்க மாட்டாள்.

அக்கா பஸ் ஏறிக் கொட்டாம்பட்டி போனார். அங்கே வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த முத்திருளன், “நம்ம ஆட்டுல கறிதான் உண்டு தாயி. இது வெறும் முடி, கம்பளிக்கு ஆகாது” என்றாராம். கடைத்தெருவில் பேரம் பேசியே பழகிய அக்கா, ஆள் கிராக்கி பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மூட்டையாக வாங்கி வந்தார்.

அவிழ்த்தார். மூத்திரம் ஊறிய முடி, அதில் ஒட்டிக் காய்ந்த புழுக்கை, கொழுத்த உண்ணிகள். ஒன்று ஊர்ந்து எங்கள் மாடிப்படிக்கே வந்துவிட்டது. வெந்நீர் விட்டதும் கிளம்பிய வாடை கொடியில் காய்ந்த என் சேலைகளில் ஏறிக்கொண்டது. எனக்குக் குமட்டியது, சண்டை போடக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. அக்கா மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு, முடியைப் பாயில் சுருட்டி மூன்று நாள் உருட்டினார். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். முடி முடியாகவே கிடந்தது.

தமிழ்வாணிக்கு போன் போட்டார். யாருக்குமே முடி சேரவில்லை, எல்லாரும் பசை வைத்துத்தான் ஒட்டுகிறார்கள், பரீட்சைக்கு வருகிற அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று அவள் கூசாமல் சொன்னாள். நான் மட்டும் என்ன யோக்கியம்? நானும் ஒட்டிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

“புழுக்கையத் தொட்டேன், கழுவிட்டேன். இத எப்புடிக் கழுவுறது தமிழு?” என்றார் அக்கா போனில்.

பரீட்சையன்று சேராத முடியை அப்படியே தட்டில் வைத்து, நம்ம ஊர் ஆட்டு முடி ஃபெல்ட்டுக்கு ஆகாது என்று அதிகாரியிடம் சொன்னார். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அங்கே கூடப் படித்த தங்கப்பொண்ணு ஒட்டி வைத்திருந்த துணி மொடமொடவென்று நின்றது. வேலை அவளுக்குப் போனது.

பத்தாம் நாள் தங்கப்பொண்ணு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். புது வகுப்புக்கு நல்ல ரோமமே வந்திருக்கிறதாம். ஆனால் தேய்க்கிற பக்குவம் அவளுக்குக் கைவரவில்லை, பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்களாம். “ஒருவாட்டி செஞ்சு காட்டுங்கக்கா” என்றாள்.

அக்கா பின்னிக்கொண்டிருந்த தொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“எதச் செஞ்சதுக்கு ஒனக்கு வேலை குடுத்தாங்களோ, அதையே சொல்லிக் குடு.”

அவள் தலையைக் குனிந்தபடி போனாள். படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் முகம் சுட்டது. சத்தமில்லாமல் மேலே ஏறிவிட்டேன்.