மிட்டாய்த் தோரணம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆரஞ்சு மிட்டாயின் வாசனை எங்கிருந்தாவது வந்தால் எல்லோருக்கும் வாய் ஊறும். எனக்கு வயிறு எரியும். அது ஏன் என்று வாய்விட்டுச் சொல்ல இத்தனை காலமும் கூச்சப்பட்டதால்தான் எழுதுகிறேன்.

ஜவ்வாது மலைக்குப் பஸ் ஏறாத காலம். எனக்கு எட்டு வயது. அந்த ஆண்டு ஆடி மழையில் என் நான்கு வயதுத் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். புரட்டாசி அமாவாசை வந்தது. அன்று பங்காளிகள் எல்லாரும் ஒவ்வொரு வீடாகக் கூடி, செத்தவர்களுக்கு இலை போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் படையல் வைப்பார்கள். ஆனால் "பல்லு வுழாத புள்ளைக்குப் படையல் இல்ல" என்பது பெரியவர்களின் சொல். தாத்தாவுக்குச் சுருட்டுகூட உண்டு, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு பிடி சோறு கிடையாது. இது என்ன நியாயம்?

அம்மா யாரிடமும் வாதாடவில்லை. முந்தின நாள் தேன் குடத்தைச் சுமந்துகொண்டு சந்தவாசலுக்கு இறங்கிப் போய், அதை விற்று, இரண்டு பக்கமும் காகிதம் முறுக்கிய ஆரஞ்சு மிட்டாய்களை மடி நிறைய வாங்கிவந்தாள். தங்கை ஒரே ஒரு முறை தின்று, அதன் காகிதத்தைத் தூக்கத்திலும் விடாமல் பிடித்திருந்த மிட்டாய் அது. காலையில் அம்மா மாவிலை ஒன்று, மிட்டாய் ஒன்று என்று வாழைநாரில் மாற்றி மாற்றிக் கட்டி, வாசல் முழுவதும் தொங்கவிட்டாள். ஒவ்வொன்றையும் கட்டும்போது தங்கையின் பெயரைச் சொல்லி, "இந்தா கண்ணு, வந்து துன்னு" என்றாள். வெயில் பட்டதும் எங்கள் மண் வீடு கல்யாண வீடு போல மின்னியது.

கற்பூரம் ஏற்ற வந்த பெரியப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். பங்காளிகளில் மூத்தவர் அவர்தான்.

"இன்னாம்மா இது? வூடா, மிட்டாய்க் கடையா?"

"தோரணங்க மாமா" என்றாள் அம்மா. "என் வூட்டுக்குத் தோரணம் கட்டவும் பல்லு வுழணுங்களா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டேய், கட்டறப்ப பேரு சொல்லிக் கூப்ட்டாளா? நெசத்த சொல்லு."

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"பாத்தீங்களா, தோரணமாம் தோரணம்!" என்று ஒரே இழுப்பில் அறுத்துப் போட்டார். மிட்டாய்கள் மண்ணில் சிதறின. அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் பாய்ந்து பொறுக்கி, படையல் முடியும்வரை எங்கள் எதிரிலேயே சப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்தார், ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. செத்த பிள்ளைக்குக் கொடுத்தால் குலத்துக்கு ஆகாதாம், அதையே தன் பிள்ளை தின்றால் ஆகுமாம்!

அம்மா அழவில்லை. அவர்கள் வீசிய காகிதங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக நீவி, கூரை இடுக்கில் வரிசையாகச் செருகினாள். பெரியப்பா மறுபடி முறைத்தார்.

"மிட்டாய் இல்லீங்க மாமா" என்றாள். "வெறும் காயிதம்."

கூரையைப் பிரித்து ஓடு போட்டபோது அந்தக் காகிதங்கள் மக்கிப் போயிருந்தன. இப்போது அம்மா இல்லை. பெரியப்பாவும் இல்லை, ஆனால் அவருக்கு ஆண்டு தவறாமல் இலை விழுகிறது. இந்த ஆண்டு கற்பூரம் ஏற்றும் மூத்தவன் நான். காகிதம் முறுக்கிய மிட்டாய் போளூரில் தேடியும் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் இருந்ததை வாங்கி, காலையில் வாசலில் கட்டினேன். அன்று தலையை ஆட்டிய நான், இன்று பங்காளிகள் எல்லோர் எதிரிலும் வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

"முனியம்மா, இந்தா கண்ணு, வந்து துன்னு."

யாரும் அறுக்கவில்லை.

புரட்டாசி அமாவாசை, மாலை.