ஆறுகிற பாலில் ஒரு மேடு

அன்று காலை ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அறிவியல் மிஸ், ரெட்டை ஜடைக்காரி, சளி பிடித்த பையன், அவனோடு ஒட்டிக்கொண்டே திரியும் இன்னொருவன், பால் வாளியோடு நான். மற்ற பிள்ளைகள் விளையாட்டு விழாவுக்கு டிரில் பழகப் போயிருந்தார்கள்.

வில்லியனூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது. பிள்ளைகளுக்குக் காலையில் பால் ஊற்றுவது என் வேலை, தினக்கூலிதான். ஆளுக்கு ஒரு டம்ளர், அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது. பால் குறைகிறது என்று முந்தின வாரம்தான் ஹெட்மாஸ்டர் சத்தம் போட்டிருந்தார். அடுத்த தடவை வேலை இருக்காது என்றும் சொல்லியிருந்தார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சூடான பால் எப்படி ஆறுகிறது என்று கிராஃப் போடுவது அன்றைய பாடம். வராத பிள்ளை ஒன்றின் பங்கை மேசையில் வைத்து, மிஸ் அதில் தெர்மாமீட்டரை விட்டார். அவ்வப்போது சூட்டைப் பார்த்துத் தாளில் புள்ளி வைக்க வேண்டும். பிறகு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுக்க வேண்டும். எட்டாவதோடு நின்ற எனக்கே புரிந்தது. என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் ஆபீசுக்குப் போனார்.

மூன்று புள்ளி ஒழுங்காக இறங்கியது. பிறகு சளிப் பையன் தெர்மாமீட்டரை எடுத்து வைத்துவிட்டுப் பாதிப் பாலைக் குடித்துவிட்டான்.

“டேய், இன்னாடா பண்ண?” என்றாள் ரெட்டை ஜடைக்காரி.

“தொண்ட கரகரங்குதுடி. இதமா இருந்துச்சு.”

“மிஸ்ஸு தோல உரிச்சிடுவாங்க. அக்கா, கொஞ்சம் ஊத்துக்கா!”

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. மூடி வைத்திருந்த வாளியைத் திறந்து, சூடு குறையாத பாலில் ஒரு கரண்டி ஊற்றினேன். பால் பாலோடு சேர்ந்துவிட்டது, யாருக்குத் தெரியப்போகிறது?

கோட்டுக்குத் தெரிந்துவிட்டது. இறங்கி இறங்கி வந்தது, திருபுவனை கம்பெனி பஸ் வேகத்தடையில் ஏறுவதுபோல எகிறிவிட்டு மறுபடி இறங்கியது.

மிஸ் திரும்பி வந்து தாளைத் தூக்கிப் பார்த்தார். “ஆறுற பாலு நடுவுல எப்படிடா சூடாகும்?”

“பாலுக்குக் கோவம் வந்துச்சு மிஸ்,” என்றான் சளிப் பையனின் கூட்டாளி.

என் கையிலிருந்த கரண்டி வாளியில் மோதி டங் என்றது. மிஸ் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா, தெரியவில்லை.

“கோட்ட அழிக்கக் கூடாது. அப்படியே செவுத்துல ஒட்டுங்க. ஏன் ஏறிச்சுன்னு கீழ காரணம் எழுதுங்க. மதியம் ஹெச்.எம். பாக்க வருவாரு.”

வராந்தாவில் ரெட்டை ஜடைக்காரியை மடக்கினேன்.

“இன்னா எழுதப் போற?”

“‘பால் அக்கா ஊற்றினார்’னு எழுதலாம். இல்லன்னா ‘சூடான பால் சேர்க்கப்பட்டது’ன்னு எழுதலாம்.”

“ரெண்டும் ஒண்ணுதானடி!”

“இல்லக்கா. ‘பட்டது’ன்னு போட்டா யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. புக்குல எல்லாம் அப்படித்தான் இருக்கு.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா அதுக்கு முட்ட பப்ஸ் ஆவும். ஆளுக்கு ஒண்ணு.”

“குடிச்சவனுக்குமா?”

“அவன்தான் மெயினு. அவன் வாயத் தொறந்தா நீ காலிக்கா.”

மதியம் ஹெட்மாஸ்டர் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தார். காரணத்தை வாய்விட்டுப் படித்தார். ‘சூடான பால் சேர்க்கப்பட்டது.’ “நல்ல தமிழ்,” என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன்.

விட்டு முடிப்பதற்குள் மூன்று கைகள் நீண்டன. மூன்று பப்ஸ் அறுபது ரூபாய். பஸ் காசு போக என்னிடம் இருந்தது இருபத்தைந்து. கொடுத்தேன். இன்றுவரை பாக்கி முப்பத்தைந்து ரூபாய்.