அறுபது இலை

என் அக்காளின் திருமணம் இரண்டாம் உலக யுத்தத்தின் நான்காம் ஆண்டில் நடந்தது. பாப்பாரப்பட்டிக்கு அருகே எங்கள் ஊர். நெல் விளையாத மேட்டு நிலம். கேழ்வரகும் சாமையும்தான் அன்றாட உணவு. அரிசி விசேஷங்களுக்கு மட்டும் உரியது. அந்த ஆண்டில் அதுவும் கடைகளில் இல்லை. அப்பா தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை நடந்து பெர்மிட் வாங்கினார். அதற்குக் கிடைத்த அரிசியைச் சமையற்காரர் கையால் அளைந்து பார்த்துவிட்டு, அறுபது இலைக்கு மேல் வராது என்றார்.

மாப்பிள்ளை சேலத்தில் குமாஸ்தா. "வர்றவங்க எல்லாம் ஆபீஸ்காரங்க. அரிசிச் சோறு, வடை, பாயசம், சாயங்காலம் காப்பி. இதுல மட்டும் கொற வெக்காதீங்க" என்று அவருடைய தகப்பனார் சொல்லிவிட்டுப் போனார். குறை வைத்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. இதைவிட அற்பமான காரணத்துக்காக அக்காளுக்கு ஒரு சம்பந்தம் முன்பே முறிந்திருந்ததால், சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

"மாப்பிள்ள ஊட்டுக்காரங்களுக்கு மொதப் பந்தியில அரிசி. நம்ம சனத்துக்கு ரெண்டாம் பந்தியில சாமச் சோறு" என்றார் அப்பா.

சமையற்காரர் தயங்கினார். "ஒரே கண்ணாலத்துல ரெண்டு சோறுங்களா? நாளைக்கு எம்மேல இல்ல பழி வரும்! அரிசியெல்லாம் சமையக்காரனே தின்னுட்டான்னு சொல்லுவாங்க."

"உன் வவுத்தப் பாத்தா சொல்லத்தான் செய்வாங்க."

இருவரும் சிரித்தார்கள். சர்க்கரை கிடைக்காததால் காப்பிக்கு வெல்லம் என்றும், காப்பி முதற்பந்திக்கு மட்டும், மற்றவர்களுக்கு நீர்மோர் என்றும் அங்கேயே முடிவாயிற்று.

நான் அப்போது தமிழ் வித்துவான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பிழையின்றி எழுதக்கூடியவள் என்பதால், பந்திப் பட்டியல் என்னிடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஐம்பத்திரண்டு பேர். மீதி எட்டு இலைகளை மணியக்காரருக்கும், பெர்மிட்டுக்குக் கையெழுத்திட்டவருக்கும், அவர்களைப் போன்ற பிறருக்கும் அப்பா ஒதுக்கினார்.

"மாமன எங்க எழுதின?" என்று அம்மா கேட்டாள்.

மாமன் அம்மாவின் ஒரே தம்பி. வத்தல்மலை அடிவாரத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்தார். பெற்றோரை இளமையிலேயே இழந்த அம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் அவர் ஒருவர்தான். திருமணத்துக்காக இரண்டு மூட்டை சாமையை வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். எங்கள் வழக்கப்படி திருமணப் பந்தியில் தாய்மாமனுக்கே முதல் இலை. அவர் சோற்றில் கைவைத்த பிறகுதான் மற்றவர்கள் உண்பார்கள்.

"ரெண்டாம் பந்தியிலம்மா. அப்பா சொன்னாங்க."

அப்பா குறுக்கிட்டார். "நானும் அவனும் ஒண்ணா உக்காந்து சாப்புடறோம். அவன் என்ன விருந்தாளியா? நம்மாளு."

"அவங்கிட்ட முன்னாலயே ஒரு வார்த்த சொல்லிருங்க."

"அவங்கிட்ட சொல்லணுமாக்கும்! சொன்னாத்தான் தப்பா நெனப்பான்."

அப்பா போன பின் அம்மா என்னருகில் வந்து நின்றாள். "அவன மொதப் பந்தியில எழுதும்மா."

"அறுபதுதாம்மா. யாரை எடுக்கறது?"

"என்னய எடுத்துரு."

"உன்ன நான் எழுதவே இல்லையே" என்றேன். பெண்கள் எந்தப் பந்தியிலும் கணக்கில்லை. கடைசியில் மிஞ்சியதை உண்பவர்கள். அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். என் கணக்கு சரியாக இருந்தது என்பதில் எனக்கு அப்போது ஒரு நிறைவுகூட இருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் முதற்பந்திக்கு இலை போட்டார்கள். மாமன் எவரும் அழைக்காமலே வந்து முதல் இலையில் அமர்ந்தார். அது அவருடைய இடம். இலைக்குத் தண்ணீர் தெளித்து, கையால் வழித்துவிட்டார். அறுபது இலைகளும் நிறைந்தபின் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்: மாப்பிள்ளையின் மேலதிகாரி. மாப்பிள்ளையின் தகப்பனார் அவரைப் பார்த்தார். பிறகு, பட்டியலோடு பந்தல் வாயிலில் நின்ற என்னைப் பார்த்தார். அப்பா அடுப்பங்கரையில் இருந்தார். நான் அவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

மாமன் அருகே சென்று குனிந்தேன். "மாமா, உங்களுக்கு அடுத்த பந்தியில. அப்பா உங்களோட சாப்பிடணும்னு சொன்னாங்க."

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். "அதுல அப்பிடி எழுதியிருக்குதா, பாப்பா?"

"ஆமாங்க மாமா."

எழுந்துகொண்டார். "உக்காருங்க சாமி" என்று அதிகாரிக்கு இலையைக் காட்டிவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி வெளியே போனார். பந்தியில் சிலர் தலை நிமிர்த்தினார்கள். பிறகு சாம்பார் வந்தது.

இரண்டாம் பந்தியில் அப்பா அவரை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "உன் சாமதான் மாப்ள, நல்லாச் சாப்புடு" என்று முதுகில் தட்டினார். மாமன் மோரை மட்டும் குடித்தார். "வவுறு செரியில்லீங்க." மாலைவரை இருந்து தாய்மாமன் செய்யவேண்டிய முறைகள் அனைத்தையும் செய்து முடித்து, வண்டி பூட்டிக்கொண்டு போனார். ஒன்றும் நடக்கவில்லை என்றே அப்பா நினைத்தார்.

ஆடிக்கு மாமன் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. தை பிறந்ததும் அம்மா என்னை அழைத்துக்கொண்டு தானே அவர் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

மாமன் முகம் சுளிக்கவில்லை. பாய் விரித்தார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அத்தை பக்கத்து வீட்டுக்குப் போய் முந்தானையில் எதையோ முடிந்துவந்தாள். சற்று நேரத்தில் எங்கள் இருவருக்கும் இலை போட்டு அரிசிச் சோறு வைத்தார்கள். உள்ளே அத்தை பிள்ளைகளுக்குக் களி உருட்டுவது தெரிந்தது.

"எனக்கும் அந்தக் களியவே போடுடா" என்றாள் அம்மா. "ஒண்ணா உக்காந்து திம்போம்."

"வேணாங்க. வந்தவங்களுக்கு அரிசிதான் போடணும்." கதவோரம் நின்றபடியே அவர் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அம்மா அழுதிருப்பாள், அவரும் இறங்கிவந்திருப்பார்.

அம்மா ஒரு பருக்கையும் மீதமின்றி உண்டாள். என்னையும் கண்ணாலேயே உண்ணச் சொன்னாள். அந்த வீட்டிலிருந்து இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். இரவு தங்கும்படி எவரும் சொல்லவில்லை.